ஐந்தாவது மலை தெரிந்தது

1. நாற்காலி இல்லாத கூட்டம்

திருப்பதியில் எங்கள் வன இலாகா ஆபீசின் மாடி ஹாலில் அன்றைக்குப் பதினாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒருவன்தான் நின்றேன். வாட்சருக்கு நாற்காலி போடுகிற வழக்கம் அப்போது இல்லை. இப்போது வந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. மேஜைக்கு இந்தப் பக்கம் ஆந்திர அதிகாரிகள், அந்தப் பக்கம் எல்லை தாண்டி வந்த தமிழ்நாட்டு அதிகாரிகள். நடுவில் ஒரு தட்டில் பிஸ்கட். தட்டுக்குப் பக்கத்தில் என்னுடைய ரிஜிஸ்டர். எட்டு வருடமாகத் தினம் இரண்டு வேளை நான் எழுதிய ரிஜிஸ்டர்.

கூட்டம் புகையைப் பற்றியது. எல்லையோரத்தில் இரண்டு மாநிலத்திலும் சுண்ணாம்புக் காளவாய்களும் செங்கல் சூளைகளும் நிறைய. விறகு போதாமல் பழைய டயரைக்கூடப் போட்டு எரிப்பார்கள். மாசி மாதத்தில் காற்று திரும்பித் தென்கிழக்கிலிருந்து வீசத் தொடங்கியதும் அந்தப் புகையெல்லாம் வந்து எங்கள் சரணாலயக் காட்டின் மேல் மூட்டமாக உட்கார்ந்துகொள்ளும். புகை தமிழ்நாட்டுச் சூளையிலிருந்து வருகிறது என்று எங்கள் ஆட்கள் கடிதம் எழுதுவார்கள். ஆந்திரச் சூளையிலிருந்து வருகிறது என்று அவர்கள் பதில் எழுதுவார்கள். இப்படிக் கடிதத்திலேயே பல வருடம் போயிற்று. கடைசியில் ஒரு காட்டுத் தீ வந்துதான் இரண்டு கட்சியையும் ஒரே மேஜையில் உட்காரவைத்தது. எண்பதுகளின் தொடக்கம் அது.

தமிழ்நாட்டுப் பக்கத்துப் பெரிய அதிகாரி வயதானவர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படிக்கிற பழக்கம் உள்ளவர். என் ரிஜிஸ்டரைப் பொறுமையாகப் புரட்டினார்.

"மாசி மாசம் முழுக்கப் பாத்துட்டேன். ஒரு நாள் விடாம 'ஐந்தாவது மலை தெரிந்தது'ன்னு எழுதியிருக்கு. அஞ்சாவது மலை எவ்ளோ தூரம்?"

"நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் சார்," என்றார் எங்கள் ரேஞ்சர்.

"நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் தெளிவாத் தெரியுதுன்னா புகை எங்க சார் இருக்கு? எங்களை எதுக்குக் கூப்ட்டீங்க?"

ஹாலில் யாரோ சிரித்தார்கள். ரேஞ்சர் ரெட்டிக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் தெலுங்குக்காரர். என்னோடு பேசும்போது இரண்டையும் கலந்துதான் பேசுவார்.

"ஏமய்யா ஜீவரத்தினம், தீ புடிச்ச அன்னிக்கும் தெரிஞ்சதுன்னுதானே எழுதிக்கிற? பன்னண்டு கிலோமீட்டர்ல எரியற தீ உன் கண்ணுக்குத் தெரியல. நாப்பத்தஞ்சுல இருக்கிற மலை தெரிஞ்சுதா? நிஜம் செப்பு."

எனக்கு இரண்டு வழி இருந்தது. ரிஜிஸ்டர் சரி என்று சொன்னால் காற்று சுத்தம், ஆனால் நான் டியூட்டியில் தூங்கியவன். ரிஜிஸ்டர் தப்பு என்று சொன்னால் புகை இருப்பது உண்மையாகும், நான் எட்டு வருடம் பொய் எழுதியவனாவேன். எந்த வழியில் போனாலும் வேலை போகும். ஒரு வழியில் மட்டும் சூளைகளை அடக்க ஒரு உத்தரவு வரலாம். ரிஜிஸ்டரில் ஏன் அப்படி எழுதினேன் என்பதைச் சொல்ல, முதலில் அந்த மலைமேல் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும்.

2. ஐந்து கோடுகள்

அறுபதுகளின் கடைசியில் இலாகாவில் சேர்ந்தேன். பல வருடம் பீட்டில், அதாவது காட்டு ரோந்தில், நடந்தபின், காலில் ஒரு முறிவு வந்தது. "நடக்க முடியாதவன உக்கார வை" என்று ரேஞ்சர் சொல்ல, திருப்பதி மலைகளில் சரணாலயக் காட்டின் நடுவே ஓர் உச்சிப் பாறையில் இருந்த கண்காணிப்புக் கூண்டில் என்னை ஏற்றிவிட்டார்கள். ஒரு அறை, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு வயர்லெஸ் செட். வாரத்துக்கு ஒருமுறை பீட் கார்டு ஒருவர் அரிசி பருப்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டு இறங்கிவிடுவார். மாதத்துக்கு இரண்டு நாள் லீவு. மற்ற நாளெல்லாம் நான்தான், காடுதான்.

வேலை சுலபமானது. தீயைப் பார்த்தால் செட்டில் சொல்ல வேண்டும். அதோடு காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் விசிபிலிட்டி எழுத வேண்டும், அதாவது எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்று. இதற்குக் கருவி எதுவும் கிடையாது. கைப்பிடிச் சுவரில் வெள்ளைப் பெயிண்டில் ஐந்து கோடு போட்டிருக்கும். ஒவ்வொரு கோட்டுக்கும் நேரே ஒரு அடையாளம், ஒரு தூரம். முதல் கோட்டுக்கு எதிரே பக்கத்துப் பாறைக்கூம்பு. இரண்டாவது, கீழே ஊரின் கோபுரம். மூன்றாவது, பன்னிரண்டு கிலோமீட்டரில் காட்டுக்குள்ளேயே இருக்கிற ஒரு பள்ளத்தாக்கின் மேல்விளிம்பு. நான்காவது புத்தூர் மலை. ஐந்தாவது நகரிக்கு அப்பால் எல்லையோரத்து மலை. எதுவரை தெரிகிறதோ அதுவரை 'தெரிந்தது', அதற்குமேல் 'தெரியவில்லை'. ஒரு வரி, ஒரு கையெழுத்து, முடிந்தது.

சட்டப்படி கிட்டத்திலிருந்து தூரத்துக்குப் போக வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று. நான் தலைகீழாகப் போனேன். முதலில் ஐந்தாவதைப் பார்ப்பேன். அது தெரிந்துவிட்டால் மற்ற நான்கும் தெரிந்த மாதிரிதானே என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன்.

ஐந்தாவது மலை எங்கள் ஊர் மலை. அதன் வடக்கு அடிவாரத்தில்தான் எங்கள் பழைய மிஷன் சபையும் இருபது முப்பது வீடுகளும். என் மனைவி கிருபா அங்கே மிஷன் ஸ்கூலில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். கூண்டில் குடும்பம் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. அனுமதி இருந்தாலும் அவள் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்திருக்க மாட்டாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த ஒன்றாம் வகுப்புதான் அவளுக்கு எல்லாம்.

முதல் லீவில் போனபோது கேட்டாள்: "அங்கருந்து பாத்தா நம்ம மலை தெரியுமா?"

"தெரியாம? தினம் காலைல மொத வேலையே அதான்."

"நானும் பாக்கறேங்க. பாத்திரம் கழுவும்போது வடக்கால நிமிந்தா உங்க மலை தெரியுது."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்தப் பேச்சைக் கையில் பிடித்துக்கொண்டு எத்தனையோ மாதம் தள்ளியிருக்கிறேன். எட்டரை மணிக்கு நான் தெற்கே பார்ப்பேன், அவள் வடக்கே பார்ப்பாள். இதைப் பிறரிடம் சொன்னால் சிரிப்பார்கள். சொன்னதில்லை.

மாசி பங்குனி மூட்டத்தில் அந்த மலை இருக்காது. ஆனால் அது இருக்கிற இடம் எனக்குத் தெரியும். ஐந்தாவது கோட்டில் முகவாயை வைத்து உற்றுப் பார்த்தால், பால் கலந்த மாதிரி இருக்கிற வானத்தில் ஏதோ ஒரு திட்டு கொஞ்சம் அழுத்தமாக நிற்கும். இன்னும் கொஞ்சம் பார்த்தால் அதற்கு முதுகு வரும். அப்புறம் இடது பக்கத்துச் சரிவு வரும். பேனாவை எடுத்து 'தெரிந்தது' என்று எழுதிவிடுவேன். பொய் எழுதுகிறேன் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. 'தெரியவில்லை' என்று எழுதுகிற நாளில் அவளிடம் சொன்ன வார்த்தை பொய்யாகிவிடும் என்ற பயம்தான் இருந்தது.

3. மூன்றாவது கோட்டில் எரிந்தது

பங்குனி முதல் வாரம். மாடு மேய்க்கிறவர்கள் புதுப்புல் முளைக்கட்டும் என்று காய்ந்த புல்லுக்கு வைக்கிற தீ அந்தக் காலத்தில் சகஜம். காலையில் சின்னதாக ஒரு கோடு மாதிரி புகை எழும். அப்போதே சொல்லிவிட்டால் நாலு பேர் தழை வைத்து அடித்து அணைத்துவிடுவார்கள்.

அன்று எட்டரைக்கு ஐந்தாவது மலையைப் பார்த்து, அதற்கு முதுகும் சரிவும் வரவழைத்து, 'தெரிந்தது' என்று எழுதினேன். மூன்றாவது கோட்டைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் பள்ளத்தாக்கின் விளிம்பு மூட்டத்தில் கரைந்துபோயிருப்பது தெரிந்திருக்கும். அது தெரிந்திருந்தால், இன்று எனக்குக் கண் கிடையாது, கீழே இருந்து ஆட்களை நடந்துபோய்ப் பார்க்கச் சொல்லுங்கள் என்று செட்டில் சொல்லியிருப்பேன். அதற்குத்தான் அந்த வேலையே.

பன்னிரண்டே முக்காலுக்கு மூட்டம் பழுப்பாக மாறியபோதுதான் தெரிந்தது. அதற்குள் தீ பள்ளத்தைத் தாண்டி செம்மரச் சரிவில் ஏறிவிட்டது. மூன்று நாள் எரிந்தது. ஆள் யாரும் சாகவில்லை. எழுபது எண்பது வருடம் வளர்ந்த மரங்கள் நின்றபடியே கருகின. நாலாம் நாள் அந்தச் சரிவுக்கு என்னை அழைத்துப்போய்க் காட்டினார்கள். ஒரு மரத்தைத் தொட்டேன், கை சுட்டது. அழுதேன். அங்கே வைத்து அழுததற்கு வெட்கப்படவில்லை.

4. நான் சொன்ன பதில்

"சார், மலை தெரியல," என்றேன் அந்த ஹாலில்.

"எந்த மலை?"

"அஞ்சாவது. அன்னிக்கும் தெரியல. மாசி முழுக்கத் தெரியல. எட்டு வருஷமா மாசி பங்குனில பாதி நாளுக்கு மேல தெரிஞ்சதில்ல சார். நான் தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன்."

"எதுக்கு?" என்றார் கண்ணாடிக்காரர். கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பதினாறு பேருக்கு நடுவில் இதை எப்படிச் சொல்வது? "அது எங்க ஊர் மலை சார்," என்றேன். "வீடு அங்க இருக்குது."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ரேஞ்சர் ஜன்னலைப் பார்த்தார். அவர் குடும்பம் கடப்பாவில் இருந்தது, எனக்கு அது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பெரியவர் கண்ணாடியைக் கீழே இறக்கி மாட்டிக்கொண்டார். "பொய் எழுதறவன் தன்னக் காப்பாத்திக்க எழுதுவான். இந்த ஆளு தன் தலைமேல நெருப்ப வாரிப் போட்டுக்கினு நிக்கறாரு. புகை இல்லன்னு நான் இனிமே சொல்ல மாட்டேன். ஆனா யாரோட புகைன்னு சொல்ல ஒரு கண்ணு போதாது. எங்க ஆளு ஒருத்தனும் அந்த அஞ்சாவது மலைமேல உக்காரட்டும். ரெண்டு பேரும் எழுதட்டும்."

அந்த மலையின் தெற்குச் சரிவு தமிழ்நாட்டுக் காடு. உச்சியில் அவர்களுடைய பழைய தீக் கூண்டு ஒன்று இன்னும் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சாயங்காலத்துக்குள் ஒப்பந்தம் ஆயிற்று. இரண்டு கூண்டிலும் தினம் எழுத வேண்டும். இரண்டு ரிஜிஸ்டரிலும் சேர்ந்தாற்போல் ஐந்து நாள் 'தெரியவில்லை' என்று வந்தால், இரண்டு பக்கத்துத் தாசில்தாரும் அன்றே எந்தச் சூளைக்கும் காளவாய்க்கும் புதுத் தீ வைக்கக் கூடாது என்று உத்தரவு போட வேண்டும். மலை மறுபடி தெரிகிறவரை உத்தரவு நிற்கும். இடையில் ஒரு நாள் 'தெரிந்தது' என்று வந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும்.

எனக்கு ஒரு மெமோவும் ஒரு கண்டனக் கடிதமும் கிடைத்தன. வேலை போகவில்லை. ரேஞ்சரின் பெருந்தன்மை என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் அவரே சொன்னார்: "நீ கிறுக்குத்தனம் பண்ணவன்தான்யா. இன்னா பண்றது, அந்தக் கொண்டமேல ஏறி உக்கார வேற எவனும் ஒத்துக்கல."

5. கண்ணாடி

இரண்டு கூண்டிலும் வயர்லெஸ் செட் இருந்தது. ஆனால் அவர்கள் செட் வேறு அலைவரிசை, எங்கள் செட் வேறு. ஒன்றுசேர்க்க இரண்டு தலைநகரத்திலிருந்தும் அனுமதி வர வேண்டுமாம். அது வருவதற்குள் நான் ரிடையர் ஆகிவிடுவேன் என்று ரேஞ்சர் சொன்னார், அப்படியேதான் ஆயிற்று. அதனால் ஒரு சர்வேயர் வழி சொன்னார். மலைக்கு மலை அளக்கும்போது அவர்கள் கண்ணாடியில் வெயிலைத் திருப்பி அனுப்புவார்களாம். நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு ஒரு சின்னக் கண்ணாடி போதும், காற்று சுத்தமாக இருந்தால். மூட்டம் இருந்தால் வராது. மலைக்கு முதுகு வரவழைக்கலாம், கண்ணாடி மின்னலை வரவழைக்க முடியாது. அவர் எனக்காகவே யோசித்த மாதிரி இருந்தது.

புத்தூர் பயணியர் பங்களாவில் ஒரு நாள் டிரெய்னிங். அங்கேதான் முனுசாமியைப் பார்த்தேன். தமிழ்நாட்டுக் கூண்டின் வாட்சர். ஒல்லி, வாய் ஓயாது. கண்ணாடியின் நடுவில் ரசம் சுரண்டிய ஒரு துளை. அதன் வழியாகப் பார்த்து, எதிரே நட்ட குச்சியின் நுனியையும் தூரத்து மலையையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து, வெயில் குச்சி நுனியில் விழும்படி சாய்க்க வேண்டும். காலை எட்டரைக்கு அவர் ஐந்து நிமிடம் காட்டுவார், அப்புறம் நான் ஐந்து நிமிடம். வெயில் இல்லாத நாள் கணக்கில் வராது.

மத்தியானம் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"ணா, எங்க மலைமேல தண்ணி இல்ல," என்றார் முனுசாமி. "உங்க ஊர் பக்கம் எறங்கித்தான் கொண்டார்றேன். ஸ்கூல் பம்புல புடிச்சிக்கினு போய்யான்னு ஒரு டீச்சரம்மா சொல்லிச்சி. அது உங்க வூட்டுக்காரம்மாவா?"

"ஆமா."

"நல்ல அம்மா ணா. ஒரு நாள் தோசை துன்னச் சொல்லிக் குடுத்துச்சி." பிறகு கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "ராவும் பகலும் ஒண்டியா இருக்கறதுக்கு நீங்க இன்னாணா பண்றீங்க? எனக்கு ஒரு வருசத்துலயே பைத்தியம் புடிச்சிடும் போலக்கீது."

எட்டு வருடத்தில் இதை யாரும் என்னைக் கேட்டதில்லை. "பழகிடும்," என்றேன். பழகவில்லை என்பது எனக்கே தெரியும்.

அவரை நேரில் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

6. துணிக்கொடி

தை மாத லீவில் வீட்டுக்குப் போனேன். ஞாயிறு ஆராதனை முடிந்து கிருபா கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைப் புடவையை உதறினால் சாம்பல் பறந்தது. அவள் அண்ணன் ஒரு காளவாயில் தீ போடுகிற வேலையில் இருந்தார். கண்ணாடி ஏற்பாடு தெரிந்ததிலிருந்து அவர் எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. சர்ச்சில்கூட என்னைத் தாண்டிப் போய் உட்கார்ந்தார்.

மெமோ வந்த கதையை நான் கிருபாவிடம் சொல்லியிருந்தேன். எதற்கு வந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. அன்று சொன்னேன்.

"அஞ்சாவது மலை தெரியறதில்ல கிருபா. மாசி பங்குனில தெரிஞ்சதே இல்ல. தெரியுதுன்னு உன்கிட்ட சொன்னேன், அதயே ரிஜிஸ்டர்லயும் எழுதிட்டேன்."

அவள் புடவையை மடித்துக் கூடையில் வைத்தாள்.

"எனக்குத் தெரியுங்க," என்றாள்.

"இன்னா தெரியும்?"

"அந்த மூட்டத்துல இங்கருந்து பாத்தா புத்தூர் மலையே தெரியல. உங்க மலை எங்க தெரியப்போவுது? நீங்க தினம் பாக்கறேன்னு சொன்னீங்க. நான் மட்டும் தெரியலன்னு சொன்னா நீங்க அங்க ஒண்டியா இன்னா பண்ணுவீங்க? அதான் நானும் தெரியுதுன்னு சொன்னேன்."

எட்டு வருடம் இரண்டு பேரும் எட்டரை மணிக்கு ஒரே புகையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம். நான் அந்தப் பக்கத்திலிருந்து, அவள் இந்தப் பக்கத்திலிருந்து. எனக்கு அந்த நிமிடத்தில் வந்த துக்கம் தீயைப் பார்த்தபோதுகூட வந்ததில்லை. அவள் துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "சாப்பிட வாங்க," என்றாள்.

7. ஐந்தாம் நாள்

தை முழுக்க முனுசாமியின் மின்னல் வந்தது. ஊசி முனை மாதிரி ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். ஆனால் அந்த மலையில் ஒரு ஆள் இருக்கிறான், அவன் என்னைப் பார்த்துத்தான் காட்டுகிறான் என்று நினைத்தால் டீ போட்டுக் குடிக்கக்கூடத் தெம்பு வரும். 'ஒளி மட்டும், பேச்சு வேண்டாம்' என்று உத்தரவு. முனுசாமியா கேட்பார்? ஐந்து நிமிடம் முடிந்தபின் ஒரு மின்னல் கூடுதலாகக் காட்டுவார். அது வணக்கம் என்று நானாக வைத்துக்கொண்டேன்.

மாசி பிறந்து காற்று திரும்பியது. மூட்டம் வந்தது. முதல் நாள் மின்னல் வரவில்லை. 'தெரியவில்லை' என்று எழுதினேன். அந்த ரிஜிஸ்டரில் ஐந்தாவது மலைக்கு எதிரே நான் எழுதிய முதல் 'தெரியவில்லை' அதுதான். கையெழுத்து கோணிக்கொண்டது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள், நான்காம் நாள் அதே வார்த்தை.

ஐந்தாம் நாள் காலை சுவரோரம் நின்றபோது, ஐந்தாவது கோட்டுக்கு நேரே ஏதோ மினுங்கிய மாதிரி இருந்தது. இன்றைக்கு எழுதுகிற ஒரு வார்த்தையில் இரண்டு மாநிலத்துச் சூளைகளும் நிற்கும். மச்சானின் காளவாய் வேலையும் நிற்கும். 'தெரிந்தது' என்று எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை, எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும், அவ்வளவுதான். முனுசாமி என்னைப் பார்த்தாரா இல்லையா என்பது அவர் ரிஜிஸ்டரில் வேறு இருக்கும், ஆனால் அதற்காக நான் தயங்கவில்லை. தயங்கியது எனக்கு அந்த மினுக்கு வேண்டியிருந்ததால்.

துண்டால் கண்ணைத் துடைத்தேன். துடைத்ததும் மினுக்கு போய்விட்டது. கண்ணில் தண்ணீர் இருந்தால் எல்லாமே மினுங்கும்.

பிறகு சட்டப்படி முதல் கோட்டிலிருந்து ஆரம்பித்தேன். பாறைக்கூம்பு தெரிந்தது. கோபுரம் தெரிந்தது. பள்ளத்தாக்கின் விளிம்பு பாதி. புத்தூர் மலை இல்லை. ஐந்தாவதும் இல்லை. எழுதினேன். மூன்றாவது கோட்டில் சரியாகக் கண் இல்லை, ஆட்களை நடக்கவிடுங்கள் என்று செட்டிலும் சொன்னேன். அவர்கள் போய்ப் பார்த்தபோது ஓடைப் பக்கம் ஒரு சின்னத் தீ. தழை வைத்து அடித்து அணைத்துவிட்டார்கள். அது ரிஜிஸ்டரில் ஒரே வரி. எனக்கு மட்டும் அந்த வரி பெரியது.

அன்று மாலையே இரண்டு தாசில்தாரும் உத்தரவு போட்டார்கள் என்று வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். ஏற்கெனவே எரிகிற சூளைகள் எரிந்து தீர நாள் பிடித்தது. இன்னும் பதினோரு நாள் 'தெரியவில்லை' எழுதினேன். அந்தப் பதினோரு நாள்தான் என் சர்வீசிலேயே நீளமான நாட்கள். முன்பு பொய்யாகவாவது ஒரு மலை இருந்தது. இப்போது அதுவும் இல்லை. பேச ஆளில்லாமல் கோபுரத்தோடு பேசினேன். பைபிளின் சங்கீதங்களைச் சத்தமாக வாசித்தேன், என் குரலாவது கேட்கட்டும் என்று.

பன்னிரண்டாம் நாள் காலை புத்தூர் மலை கறுப்பாக எழுந்து நின்றது. அதற்குப் பின்னால் நீலமாக எங்கள் மலை. நான் வரவழைக்கவில்லை, தானாக நின்றது. எட்டரைக்கு உச்சியில் மின்னல். 'ஐந்தாவது மலை தெரிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் முறைக்கு நானும் காட்டினேன். முனுசாமியின் வணக்கமும் வந்தது.

பேனாவை மூடும்போது, உச்சிக்கு வெகு கீழே, அடிவாரத்தில் இன்னொரு மினுக்கு. துண்டால் கண்ணைத் துடைத்தேன். போகவில்லை. ஒரு தரம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம். அப்புறம் ஒன்று, கோணலாக. அடிவாரத்தில் இலாகா ஆள் யாரும் கிடையாது. எங்கள் சர்ச் மேடு மட்டும்தான் உண்டு.

அடிவாரம் என் அடையாளப் பட்டியலில் இல்லாததால் அதை ரிஜிஸ்டரில் எழுதவில்லை.

8. புதிதாக வருகிறவர்களுக்கு

அந்தக் கூட்டு ஏற்பாடு மூன்று வருடம் ஓடியது. அப்புறம் கண்ணாடிக்காரப் பெரியவர் ரிடையர் ஆனார், ரெட்டி மாற்றலாகிப் போனார், புதிதாக வந்தவர்கள் கூட்டம் கூட்டவில்லை. ஒரு தை மாதம் முனுசாமியின் மின்னல் வரவில்லை. வெயில் இருந்தது, மலை தெரிந்தது, ஆள் இல்லை. கூண்டை மூடிவிட்டார்கள் என்று பின்னால் தெரிந்தது. ஒரு வாரம் நான் என் பங்குக்குக் காட்டிப் பார்த்தேன். புகை திரும்ப வந்தது. ஆறு வருடம் மாசி பங்குனியில் 'தெரியவில்லை' எழுதிவிட்டு இறங்கினேன். அந்த ரிஜிஸ்டர்கள் எங்கோ இருக்கும். யாராவது என்றைக்காவது புகையைப் பற்றிக் கேட்டால் அவை பதில் சொல்லும்.

கூண்டுக்குப் புதிதாகப் போகிறவர்கள் என்னிடம் வருவதுண்டு. அவர்களுக்குச் சொல்வது இரண்டே விஷயம். கிட்டத்திலிருந்து ஆரம்பியுங்கள். உங்கள் வீட்டுப் பக்கம் இருக்கிற மலையை அடையாளமாக வைத்துக்கொள்ளாதீர்கள். வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், தெரியாத நாளில் தெரியவில்லை என்று எழுதுகிற தைரியம் வேண்டும்.

அந்த முதல் வருடத்தின் அடுத்த லீவில் வீட்டுக்குப் போனேன். கிருபா தலை வாருகிற கண்ணாடியின் நடுவில் ரசம் சுரண்டியிருந்தது. முனுசாமியிடம் கற்றுக்கொண்டிருக்கிறாள். சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"எத்தினி தரம்?"

"மூணு."

"நான் நாலு தரம் காட்னேங்க."

"எனக்கு மூணுதான் தெரிஞ்சுது," என்றேன்.

கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அப்ப நெஜமாத்தான் பாத்தீங்க," என்றாள்.